மாதம் 1,200 ரூபாய் கூடுதலில் இயற்கை உணவு: தண்டையார்பேட்டை வாசகிக்குப் பதில்

கேள்வி: வடசென்னைத் தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மாமியாருக்குச் சர்க்கரை நோய். நான் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். மளிகை, காய்கறிக்கு மாதம் 9,500 ரூபாய் செலவாகிறது. இன்னும் 1,200 ரூபாய் வரை போட முடியும். இயற்கை (ஆர்கானிக்) உணவுக்கு மாற ஆசை. ஆனால் கடைகள் எல்லாம் அடையாறு, மயிலாப்பூர் பக்கம்தான் கண்ணில் படுகின்றன. ஒரு கடையில் விலை கேட்டேன்: அரிசி கிலோ 130 ரூபாய் (எங்கள் தெருக்கடையில் 62), துவரம்பருப்பு 240 (எங்களிடம் 150), கத்தரிக்காய் 120 (எங்களிடம் 50). இது எங்களைப் போன்றவர்களுக்கு முடிகிற காரியமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முடியும். விலைகளை நீங்களே எழுதியிருப்பதால் அவற்றை வைத்தே கணக்குப் போடலாம்.

ஐந்து பேர் வீட்டுக்கு மாதம் 18 கிலோ சாப்பாட்டு அரிசி, 3 கிலோ துவரம்பருப்பு, 28 கிலோ காய்கறி என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் அந்தக் கடையிலேயே வாங்கினால் அரிசிக்கு மட்டும் 1,224 ரூபாய் கூடும். காய்கறிக்கு, கத்தரிக்காயில் இருக்கும் 70 ரூபாய் வித்தியாசத்தையே பொதுவாக வைத்தால், 1,960 ரூபாய். பருப்புக்கு 270. மொத்தம் 3,454. எண்ணெயும் மசாலாவும் இதில் சேரவில்லை. ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றப் போகிற குடும்பங்கள் இரண்டாவது மாதமே கைவிட்டுவிடுவது இதனால்தான். பொருள் பொருளாகப் பிரித்துப் பார்த்து, பூச்சி மருந்து அதிகம் படும் பொருளில் பணத்தைப் போட வேண்டும். மற்றவற்றில் பழக்கத்தை மாற்றினாலே போதும்.

உங்கள் 1,200 ரூபாயை நான் இப்படிப் பிரிப்பேன். காய்ந்த மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு 150 ரூபாய். துவரம்பருப்பு 3 கிலோவுக்கு 270. அதிகம் மருந்தடிக்கப்படும் காய்களில் 6 கிலோவை மட்டும் இயற்கை விளைச்சலாக மாற்ற 420. மாமியாருக்காக 5 கிலோ தீட்டாத (தவிடு நீக்காத) அரிசிக்கு 340. ஆக 1,180 ரூபாய். கீரைக்குப் பணம் ஒதுக்கவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

காய்கறியில் எது ஆபத்து, எது இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி, அந்தச் செடியை எத்தனை முறை பறிக்கிறார்கள் என்று கேட்பது. கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய், தக்காளி ஆகியவற்றை இரண்டு நாளுக்கோ நான்கு நாளுக்கோ ஒரு முறை, வாரக்கணக்கில் தொடர்ந்து பறிப்பார்கள். பூச்சி மருந்து அடித்தபின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கெடு உண்டு. இன்று மருந்து, நாளை மறுநாள் பறிப்பு என்று போகும் வயலில் அந்தக் கெடு காற்றில் போய்விடுகிறது. கத்தரியில் காய்த்துளைப்பான் புழு காய்க்குள்ளேயே இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை. விவசாயி திரும்பத் திரும்ப அடிக்கிறார். மிளகாயில் இலைப்பேனும் சிலந்திப்பேனும் சேர்ந்து இலையைச் சுருட்டுவதால் அங்கும் இதே கதை. முட்டைக்கோசும் காலிஃபிளவரும் பல முறை பறிப்பவை அல்ல. ஆனால் வைர முதுகு அந்துப்பூச்சியின் புழுவுக்காக அவற்றுக்கும் தொடர்ந்து மருந்து விழுகிறது. கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை மூன்றும் இலையாகவே வாய்க்குப் போகின்றன. மருந்து விழும் பரப்பும் நாம் தின்னும் பாகமும் அங்கே ஒன்றுதான்.

இதற்கு நேர் எதிராக மஞ்சள் பூசணி, சுரைக்காய், சேனைக்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, வாழைத்தண்டு, வாழைப்பூ, பப்பாளிக்காய் எல்லாம் கெட்டித் தோலுக்குள்ளோ மண்ணுக்குள்ளோ மட்டைக்குள்ளோ இருக்கின்றன. மருந்தும் குறைவாகவே அடிக்கிறார்கள். இவற்றைக் கல்மண்டபம் மார்க்கெட்டிலோ வீட்டு வாசலுக்கு வரும் தள்ளுவண்டியிலோ சாதாரணமாகவே வாங்குங்கள். இயற்கை முத்திரைக்காக இரட்டை விலை தர வேண்டியதில்லை. புடலையும் பாகலும் நடுவில் நிற்பவை. பழ ஈக்காக அவற்றுக்கும் மருந்து உண்டு.

ஆகவே வாரத்தில் நான்கு நாள் இந்த இரண்டாவது வகைக் காய்கள், மூன்று நாள் இயற்கை விளைச்சலில் வந்த கத்தரி, வெண்டை, தக்காளி என்று வைத்தால் மாதம் 6 கிலோ கணக்கு சரியாக வரும். தக்காளி தினமும் வேண்டுமே என்பீர்கள். குழம்பில் பாதித் தக்காளியைக் குறைத்துப் புளியைக் கூட்டுங்கள். நம் பாட்டிமார் குழம்பில் தக்காளி இவ்வளவு இருந்ததே இல்லை. காலிஃபிளவரை மார்கழி, தை, மாசியில் மட்டும் வாங்குங்கள். பருவம் தப்பி விளையும் காய்க்கு மருந்தும் அதிகம், விலையும் அதிகம், ருசியும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இயற்கைக் காய்கள் வரத்துக் குறைந்துபோகும். அந்த இரண்டு மாதம் சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், சேனை, வாழைக்காய் என்று ஓட்டுங்கள்.

சாதாரணமாக வாங்கும் காயைக் கழுவுவது பற்றி. வெட்டுவதற்கு முன்பே கழுவ வேண்டும், வெட்டிய பிறகு ஊறவைத்தால் சத்துதான் கரையும். ஓடும் தண்ணீரில் அரை நிமிடம் கையால் தேய்ப்பதே பாதி வேலை. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கல்லுப்பு, அதாவது ஒரு மேசைக்கரண்டி நிறைய, போட்டுப் பத்து நிமிடம் வைத்து இரண்டு முறை அலசுங்கள். திராட்சை, ஆப்பிளுக்குச் சமையல் சோடா நல்லது. லிட்டருக்கு 10 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன், 12 முதல் 15 நிமிடம். முட்டைக்கோசில் மேல் இலை இரண்டு மூன்றை உரித்துப் போட்டுவிடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பை எதிலும் பயன்படுத்த வேண்டாம், அது காயில் தங்கும். இத்தனை செய்தாலும் ஊடுருவிப் பாயும் வகை மருந்துகள் செடியின் சாற்றோடு காய்க்குள் போயிருக்கும். அவை கழுவினால் போகாது. கத்தரி, வெண்டை, தக்காளி போன்றவற்றை இயற்கை விளைச்சலாக வாங்கச் சொல்வது இதனால்தான்.

மசாலாவில் 150 ரூபாய் போடுவது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். மிளகாயைக் காயவைக்கும்போது தண்ணீர் போய் எடை குறைகிறது. மருந்து எச்சம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. மாதம் அரைக் கிலோ மிளகாய், அரைக் கிலோ மல்லி, 100 கிராம் மஞ்சள்தான் உங்களுக்குச் செலவாகும். குறைந்த பணத்தில் பெரிய பலன் தரும் இடம் இது. தூளாக வாங்காமல் முழுதாக வாங்கி, இரண்டு மணி நேரம் வெயிலில் போட்டு, தெரு முனை மாவு மிஷினில் கொடுங்கள். காலையில் முதல் ஆளாகப் போனால் நல்லது. முன்னால் யாராவது அரைத்திருந்தால் கொஞ்சம் அரிசி போட்டு ஓட்டிக் கல்லைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு அரைக்கச் சொல்லுங்கள். விரலி மஞ்சளை உடைத்துப் பாருங்கள், உள்ளே ஆழ்ந்த ஆரஞ்சு மஞ்சளாக இருக்க வேண்டும். மேலே மட்டும் பளிச்சென்று இருந்து கையில் நிறம் ஒட்டினால் வேண்டாம். அரைத்ததும் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் ஈரம் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும்.

இனி பலரும் கவனிக்காத ஒன்று. கேழ்வரகு, கம்பு, சோளம், கொள்ளு எல்லாம் பெரும்பாலும் மானாவாரிப் பயிர்கள். மழையை நம்பி விதைக்கும் நிலத்தில் மருந்துக்குச் செலவு செய்ய விவசாயியிடம் காசும் இல்லை, அந்தப் பயிருக்குப் பெரிய தேவையும் இல்லை. தெருக்கடையில் வாங்கும் சாதாரணக் கேழ்வரகே இயற்கை விளைச்சலுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆர்கானிக் என்று அச்சிட்ட அரைக் கிலோ பாக்கெட்டுக்கு மூன்று மடங்கு விலை கொடுப்பதில் அர்த்தம் இல்லை. ஆடி மாதம் அம்மன் கோயில் வாசலில் ஊற்றும் கூழை வாரம் மூன்று நாள் காலை உணவாக வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 முதல் 360 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, வளரும் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். இரண்டு கிலோ வாங்கிக் கல் பார்த்து, கழுவிக் காயவைத்து அரைத்துக்கொண்டால் மூன்று வாரம் வரும். அதற்கு மேல் வைத்தால் மாவில் காறல் வாடை வரும். இரவில் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, காலையில் அரிசி நொய்யோடு காய்ச்சினால் இருபது நிமிட வேலை. மாமியாருக்குக் கூழாகக் குடிப்பதைவிட அடையாகவோ களியாகவோ தருவது நல்லது. குடிக்கிற கூழ் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும்.

அரிசிக்கு வருவோம். உமியும் தவிடும் நீக்கி, களைந்து, கொதிக்கவைத்துச் சாப்பிடுவதால் வெள்ளை அரிசியில் மருந்து எச்சம் காயைவிடக் குறைவு. அதனால் பட்டியலில் அதைக் கடைசியில் வைத்தேன். பாரம்பரிய ரகம் என்றாலே இயற்கை விளைச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் யூரியா போடுகிறவர்கள் உண்டு. ரகம் வேறு, வளர்த்த முறை வேறு. மாமியாருக்குத் தீட்டாத மாப்பிள்ளைச் சம்பா அல்லது பூங்கார் வாங்குங்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஒரு டம்ளருக்கு நான்கு டம்ளர் தண்ணீர் விட்டு, குக்கரில் ஆறு ஏழு விசில். ஊறவைக்க மறந்தால் அரை மணி கேஸ் வீணாகும், அரிசியும் ரப்பர் போல இருக்கும், வீட்டில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் சிவப்பரிசி தோற்றுப்போவது இந்த ஒரு காரணத்தால்தான். எல்லோருக்கும் சேர்த்துச் சமைக்க விரும்பினால் தூயமல்லியோ கிச்சிலிச் சம்பாவோ எடுங்கள். இரண்டும் வெள்ளை, சன்ன ரகம், பிள்ளைகள் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். அரை மணி ஊறவைத்து ஒன்றுக்கு மூன்று தண்ணீர் போதும். ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: சிவப்பரிசியிலும் மாவுச்சத்து ஏறக்குறைய அதே அளவுதான். தவிடு இருப்பதால் சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவே. மாமியார் தட்டில் ஒரு கப் சாதம், இரண்டு கப் காய், பருப்பு அல்லது மீன் என்ற அளவு மாறக் கூடாது. மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் குறைக்கவும் கூடாது.

ரேஷன் அரிசியை வீணாக்காதீர்கள். அதில் சில மணிகள் மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தால் அது பிளாஸ்டிக் இல்லை. இரும்புச் சத்தும் வைட்டமினும் சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட மணிகள் அவை, நூறு அரிசிக்கு ஒன்று வீதம் கலந்தவை. இட்லிக்கு அதையே போட்டு மிச்சமாகும் பணத்தைக் காய்க்கு மாற்றுங்கள்.

எங்கே வாங்குவது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. கடைகள் தென்சென்னையில் இருப்பது உண்மை. ஆனால் வயல்கள் உங்கள் பக்கம் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் உங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டே மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று போகிறது. அது நெல்லும் காயும் விளையும் திருவள்ளூர் மாவட்டம். மறுபக்கம் செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம், ஊத்துக்கோட்டை. அடையாறு கடைக்குப் போகும் சரக்குக்கு உள்ள இடைத்தரகும் கடை வாடகையும் உங்களுக்கு வேண்டியதில்லை. வேண்டியது எட்டுப் பத்து வீடு சேர்ந்த ஒரு குழு. தனி வீட்டுக்கு 3 கிலோ பருப்பைக் கொண்டுவந்து கொடுக்க எந்த விவசாயிக்கும் கட்டுப்படியாகாது. பத்து வீட்டுக்கு 30 கிலோ பருப்பு, 50 கிலோ அரிசி, வாரம் 15 கிலோ காய் என்றால் குட்டியானை வண்டியில் ஏற்றிவரும் கூலி கிலோவுக்குச் சில ரூபாயில் முடிந்துவிடும்.

குழு எங்கே உடைகிறது என்று முன்பே தெரிந்துகொண்டால் உடையாது. முதலாவது பணம். சரக்கு வந்தபின் வசூலிக்கப் போனால் ஒருவர் ஊருக்குப் போயிருப்பார், ஒருவர் சம்பளம் வரட்டும் என்பார். ஒவ்வொருவரும் 500 ரூபாய் முன்பணம் போட்டுவைக்கட்டும், ஆர்டரும் பணமும் புதன்கிழமைக்குள் வரட்டும், சரக்கு சனிக்கிழமை மாலை வரட்டும். இரண்டாவது எடை. ஒரு டிஜிட்டல் தராசு குழுவுக்குச் சொந்தமாக இருக்கட்டும், வீட்டு ஆள் முன்னால் நிறுத்துக் கொடுங்கள். மூன்றாவது வேலை. ஒரே ஆள் மூன்று மாதம் செய்தால் சலித்துவிடும், மாதம் ஒரு வீடு என்று முறை வையுங்கள். நான்காவது கீரை. இந்த வழியில் கீரை வாங்க வேண்டாம். சனிக்கிழமை காலை பறித்தது மாலையில் வாடி வந்து, பாதிக் குழு முகம் திருப்பிக்கொள்ளும்.

விவசாயியிடம் முதல் முறை பேசும்போது ஐந்து கேள்விகள் கேளுங்கள். ரசாயனம் நிறுத்தி எத்தனை வருடம் ஆயிற்று? பாசனத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? களை எடுக்க என்ன செய்கிறீர்கள்? கத்தரியில் புழு வந்தால் என்ன செய்வீர்கள்? பக்கத்து வயல்காரர் மருந்தடித்தால் உங்கள் வயலுக்கு வராமல் எப்படித் தடுக்கிறீர்கள்? உண்மையாகச் செய்கிறவர் உடனே விவரத்துக்குள் போவார். வேப்பங்கொட்டைக் கரைசல், பூச்சியை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி, புழு தாக்கிய குருத்தைக் கிள்ளி எறிவது, வரப்போரம் உயரமாகச் சோளம் விடுவது என்று சொல்வார். போன போகம் எவ்வளவு நட்டம் என்றும் சொல்வார். ‘பூச்சியே வராது’ என்று ஒரே வரியில் முடிப்பவரிடம் கவனமாக இருங்கள். ஓட்டை விழுந்த கத்தரிக்காயும் சான்று ஆகாது. மருந்தடித்த வயலிலும் புழு துளைக்கத்தான் செய்யும். வருடத்தில் ஒரு ஞாயிறு குழுவில் நாலு பேர் ரயிலேறிப் போய் வயலைப் பார்த்துவிட்டு வருவது எந்த முத்திரைக்கும் சமம். கழிவுநீர் ஓடையை ஒட்டிய நிலமா என்பதையும் அப்போது பார்த்துவிடலாம். கெட்ட தண்ணீரில் விளைந்த கீரையை ரசாயனம் போடாமல் வளர்த்திருந்தாலும் வாங்கக் கூடாது.

பாக்கெட் சரக்கு என்றால் சட்டம் உங்களுக்குத் துணை இருக்கிறது. 2017இல் வந்த இயற்கை உணவு விதிகளின்படி, ஆர்கானிக் என்று சொல்லி விற்கும் பாக்கெட்டுக்குச் சான்று வேண்டும். ‘ஜைவிக் பாரத்’ போன்ற இயற்கை உணவு முத்திரை, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், சான்றளித்த அமைப்பின் பெயர் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாட்டில் அரசின் விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையே சான்று தருகிறது. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறையும் செல்லும். அதில் ‘பி.ஜி.எஸ். கிரீன்’ என்றிருந்தால் நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கு முழு ஆர்கானிக் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். ‘நேச்சுரல்’, ‘பாரம்பரியம்’, ‘கெமிக்கல் ஃப்ரீ’, ‘ஃபார்ம் ஃபிரெஷ்’ என்ற சொற்களுக்குப் பின்னால் எந்தச் சான்றும் இல்லை. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு விவசாயி உங்களுக்கு நேரடியாக விற்கும்போது சான்று கட்டாயமில்லை. ஆகவே பொன்னேரி விவசாயியிடம் முத்திரை இல்லை என்பதற்காக அவரைச் சந்தேகப்பட வேண்டாம். அங்கே வேலை செய்வது மேலே சொன்ன கேள்விகளும் உங்கள் கண்ணும்தான்.

இந்தச் சரக்கு வீட்டுக்கு வந்தபின் வண்டு வரும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. கிடங்கில் புகை மருந்து போடாத தானியத்தில் வண்டின் முட்டை இருக்கும், நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் அது சீக்கிரம் பொரிக்கும். ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். வந்த அன்றே வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்து, நிழலில் முழுதாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டின்னில் போட்டு, துணியில் கட்டிய வசம்பு நாலு துண்டும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வையுங்கள். துவரம்பருப்பில் நாலைந்து காய்ந்த மிளகாய் போதும். கேழ்வரகு மாவு, தினை, சாமை போன்ற சின்ன அளவுகளைப் பையோடு ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும். தீட்டாத அரிசியும் சிறுதானியமும் தவிட்டெண்ணெய் உள்ளவை. நாள்பட்டால் காறிவிடும், முகர்ந்து பார்த்தே தெரியும்.

கீரைக்கு மாடிதான் வழி. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மண் நனைந்தால் தொட்டி ஒன்று 15 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் சுவர் ஓரமாக, பலகை மேல் வைப்பதாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அகலமான நான்கு தொட்டிகள் போதும். வாரம் ஒன்றில் விதைத்தால் நான்காவது வாரத்திலிருந்து வாரம் ஒரு கட்டுக் கீரை வரும். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, மண் ஒரு பங்கு. நார்க்கழிவை மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்தபின் கலக்குங்கள், அதில் உப்பு இருக்கும். மண்ணை நர்சரியில் வாங்குங்கள். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கத்திலோ மணலி, எண்ணூர்த் தொழிற்சாலை ஓரத்திலோ தோண்டிய மண் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள ஈயம் போன்ற உலோகங்கள் கீரைக்குள் ஏறும். வடசென்னையில் பலர் தோட்டம் தோற்பது தண்ணீரால். மீஞ்சூர் வரை நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவியிருக்கும் பகுதி இது. போர்வெல் தண்ணீர் ஊற்றினால் இலை நுனி கருகும். ஆர்.ஓ. கருவியில் வெளியேறும் கழிவுத் தண்ணீர் அதைவிட மோசம், உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. மெட்ரோ தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் போதும்.

முதல் விதைப்புக்கு வெந்தயம் எடுங்கள். அஞ்சறைப் பெட்டியில் இருப்பதே போதும், இரண்டு மேசைக்கரண்டி இரவு ஊறவைத்துத் தூவினால் 20 முதல் 25 நாளில் பிடுங்கலாம். சிறுகீரையும் அரைக்கீரையும் விதை பொடி என்பதால் மணலோடு கலந்து தூவுங்கள். மார்க்கெட்டில் வாங்கிய புதினாக் கட்டில் தடித்த தண்டு நாலைத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேர் விடும். அசுவினிப் பூச்சி வந்தால் ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் தெளிக்க வேண்டும். தெருவில் முருங்கை மரம் இருந்தால் கேட்டுப் பறித்துக்கொள்ளுங்கள், யாரும் மருந்தடிக்காத கீரை அது. லாரி ஓடும் சாலை ஓரம் என்றால் தூசி போக மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

மீனுக்கு ஆர்கானிக் முத்திரை தேட வேண்டாம், கடலில் பிடிக்கும் மீனுக்கு அப்படிச் சான்றே கிடையாது. காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி போன்ற சிறு மீன்கள் விலையும் குறைவு, பாதரசமும் குறைவு. எண்ணூர்க் கழிமுகத்தில் எடுத்த மட்டியையும் நண்டையும் பிள்ளைகளுக்குத் தவிருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது வருவதில் பெரும்பகுதி வெளியூர் ஐஸ் மீன். அந்த இரண்டு மாதம் முட்டையும் பயறும் போதும். பழுப்பு ஓடு என்பதற்காக முட்டைக்கு இரண்டு மடங்கு கொடுக்காதீர்கள், ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது.

எண்ணெயில் ஒரு கணக்கு மட்டும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்கச் செக்கில் இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலையை இரண்டேகாலால் பெருக்கிப் பாருங்கள். அதைவிடக் குறைந்த விலைக்குச் ‘செக்கெண்ணெய்’ கிடைத்தால் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம். செக்கில் ஆட்டியது என்பதும் இயற்கை விளைச்சல் என்பதும் வேறு வேறு. இப்போதைக்கு இருக்கும் எண்ணெயில் தொடருங்கள், அளவை மட்டும் தலைக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழரை மணிக்கு வீடு திரும்பும் உங்களுக்கு ஞாயிறு ஒரு மணி நேரம் போதும். சனிக்கிழமை வந்த வெண்டையையும் கத்தரியையும் ஈரம் படாமல் துணிப்பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, சமைக்கும் அன்று கழுவுங்கள். சேனையையும் பூசணியையும் வெட்டி டப்பாவில் அடைத்தால் இரண்டு நாள் வரும். கறிவேப்பிலையை உருவிக் காயவைத்து மூடி வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். சிவப்பரிசியைக் காலையில் வேலைக்குப் போகும்போதே குக்கரில் தண்ணீரோடு ஊறப்போட்டுவிடுங்கள். கோடையில் புளித்துவிடும், அப்போது ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். தீட்டாத துவரம்பருப்பு வேக நேரம் எடுக்கும். அதையும் ஒரு மணி நேரம் ஊறவைக்கச் சொல்லி மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். புளியைப் பருப்பு வெந்தபிறகே சேர்க்க வேண்டும், முன்னால் போட்டால் எத்தனை விசில் விட்டாலும் எளிதில் கரையாது.

சம்பா அறுவடை தை, மாசியில். பத்து வீட்டுக்கும் வருடத்துக்கான அரிசியை விவசாயியிடம் மார்கழியிலேயே சொல்லிவையுங்கள். மொத்தமாகப் பேசினால் அந்த 130 ரூபாய் விலை கட்டாயம் இறங்கும். நெல்லாக அவரே வைத்திருந்து, ஆறு மாதம் பழசானபின் மாதாமாதம் அரைத்துத் தரும்படி பேசிக்கொள்ளுங்கள். புது நெல்லை அரைத்த அரிசி குழைந்துபோகும், வண்டும் அரிசியில் வருகிற அளவு நெல்லில் வராது.